பட்டாளத்தில் இன்னும் 3 வருஷம். கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. எங்கே தொடங்குவது?

மலர்_பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் மலேசியத் தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜண்ட். 19 வயதில் சேர்ந்தவர், 18 வருஷம் ஆகிவிட்டது. 21 வருஷம் முடித்து பென்ஷனோடு வெளியே வரும்போது அவருக்கு வயது 40. மூத்தவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் ஃபோர்ம் 3. அவர் வீட்டுக்கு வருகிற வருஷம்தான் அவள் கல்லூரிக்குப் போகிற வருஷம். பென்ஷனை மட்டும் வைத்து நான்கு பேர் ஓட்ட முடியாது.

அவர் இருப்பது மின், இயந்திரப் பழுது பார்க்கும் கோர் என்ற படைப்பிரிவில். முதல் பத்து வருஷம் லோரி, ஜீப். அதற்கப்புறம் பெரும்பாலும் ஜெனரேட்டர். இப்போது கோலாலம்பூரில் போஸ்டிங், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருவார். ஹண்டாலன் லோரி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை வைத்தே டீசல் வரவில்லையா, இன்ஜெக்டர் அடைப்பா என்று சொல்லிவிடுவார். ஆனால் வெளியுலகம் ஒத்துக்கொள்கிற மாதிரி அவர் பெயரில் இருப்பது எஸ்பிஎம் பள்ளிச் சான்றிதழும் கார் லைசென்ஸும்தான். கோர்ஸ் முடித்த தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன, எல்லாம் ராணுவம் கொடுத்தவை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், அவருக்குக் கீழே வேலை செய்த கார்ப்பரல் ஒருவரைப் பார்த்தோம். கோண்டோமினியத்தில் செக்யூரிட்டி கார்ட் வேலை, 12 மணி நேர ஷிப்ட். அந்த வேலையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பி கியர்பாக்ஸைத் தனி ஆளாகப் பிரித்துப் போடுவாராம். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வருஷம் போதுமா? என்ன சான்றிதழ்? யாரைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சார்ஜண்ட்:

தங்கச்சி, மூன்று வருஷத்துக்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. நான் கேட்க ஆரம்பித்தது வெளியே வந்து நான்கு மாதம் கழித்து.

உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் வேண்டியது எஸ்கேஎம், மலேசியத் திறன் சான்றிதழ். மனிதவள அமைச்சின் கீழ் இருக்கிற திறன் மேம்பாட்டுத் துறை கொடுப்பது, ஜேபிகே என்பார்கள். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி வருகிற சான்றிதழ் என்பதால் ஜொகூரில் காட்டினாலும் பெர்லிஸில் காட்டினாலும் ஒரே மதிப்பு. 1 முதல் 3 வரை எஸ்கேஎம், 4-ஆம் நிலை திறன் டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா.

இதற்கு மூன்று வாசல். ஒன்று, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படிப்பது. இரண்டாவது, கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. மூன்றாவது வாசல்தான் நம் ஆட்களுக்கு. பிபிடி என்று சொல்வார்கள், ஏற்கெனவே கற்ற திறனை அப்படியே மதிப்பிட்டு ஏற்றுக்கொள்வது. வகுப்பு கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் தரப் பட்டியல் ஒன்று இருக்கிறது, நோஸ் என்று பெயர். அந்த வேலை செய்கிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ‘இதை நான் செய்திருக்கிறேன், இதோ ஆதாரம்’ என்று காட்டி ஒரு ஃபைல் தயார் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் படித்து நேரில் கேள்வி கேட்பார், தேவைப்பட்டால் செய்து காட்டச் சொல்வார். பிறகு ஜேபிகே நியமித்த வெளி அதிகாரி சரிபார்ப்பார். தேறினால் சான்றிதழ்.

ஆதாரம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டினேன். வெளியே வந்தபிறகு என் பழைய கேம்ப் கேட்டுக்குப் போனேன். 9 வருஷம் கையை வீசிக்கொண்டு நுழைந்த கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்து விசிட்டர் பாஸ் வாங்கி, கார்ட்ரூம் பெஞ்சில் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த மேஜர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்த கேப்டன் நல்ல மனிதர், தேநீர் வரவழைத்தார். ஆனால் ‘சார்ஜண்ட், நீங்கள் செய்ததை நான் பார்க்கவில்லையே, ரெக்கார்டில் உள்ளதற்கு மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும்’ என்றார். ரெக்கார்டில் இருந்தது மூன்று கோர்ஸும் இரண்டு போஸ்டிங்கும். பிரித்த இன்ஜின் ஒன்றுகூட அதில் இல்லை.

ஒன்றரை வருஷம் இழுத்தது. கடைசியில் ஒரு தனியார் பட்டறையில் சம்பளம் குறைவாக நின்று, அங்கே செய்த வேலையை வைத்துத்தான் 3-ஆம் நிலை வாங்கினேன். யூனிஃபார்மில் இருக்கும்போதே எழுதி, கூட இருந்து பார்த்த அதிகாரியிடமே கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த ஒன்றரை வருஷம் என் பிள்ளைகளுக்கு மிச்சம்.

சார்ஜ்மேன்_பிறை:

சார்ஜண்ட் அண்ணன் சொன்னது முழுக்க சரி. நான் ஜெனரேட்டர் பக்கம் பேசுகிறேன்.

மலர் அக்கா, உங்கள் கணவர் ஜெனரேட்டர் பார்த்தவர் என்றால் சார்ஜ்மேன் வழியை விடவே கூடாது. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் பெரிய ஃபேக்டரி எதை எடுத்தாலும் மின் நிறுவலைப் பார்த்துக்கொள்ளத் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும், அவரைத்தான் சார்ஜ்மேன் என்பார்கள். 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994 ஒழுங்குமுறையும் அப்படிச் சொல்கின்றன. சான்றிதழ் கொடுப்பது எரிசக்தி ஆணையம், சுருஹான்ஜாயா தெனாகா. ஏ வரிசை என்றால் லோ வோல்டேஜ், 1000 வோல்ட் வரை. பி வரிசை என்றால் ஹை வோல்டேஜ். ஏ-யில் தொடங்கி மேலே போகலாம்.

ஆனால் இது பிபிடி மாதிரி இல்லை. ஆணையம் அங்கீகரித்த மையத்தில் படித்து, பரீட்சை எழுதி, செய்முறையில் தேறி, நேர்முகத்திலும் பதில் சொல்ல வேண்டும். நான் முதல் தடவை நேர்முகத்தில் தேறவில்லை. கை பழகியிருந்தது, வாய் பழகவில்லை. சப்ளையை நிறுத்துவதற்கு முன் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கேம்பில் நூறு தடவை செய்ததை வரிசையாகச் சொல்ல வரவில்லை. நிறுத்து, பூட்டு, பலகை மாட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் பண்ணு, எர்த் பண்ணு. இதை மனைவி முன்னால் உட்கார்ந்து பத்து நாள் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். இரண்டாம் தடவை தேறினேன்.

பட்டறை_அண்ணன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். புக்கிட் மெர்தாஜாமில் 14 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் பழைய பட்டாளம்தான். ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. வண்டி ஓடினால் வருவார்கள், ஓடாவிட்டால் வரமாட்டார்கள். எல்லாரையும் தாளுக்குப் பின்னால் ஓடச் சொன்னால், சொந்தமாக நிற்கக்கூடிய ஆளும் வேலை தேடி அலையத் தொடங்கிவிடுவான்.

இன்னொன்று. கேம்ப் லோரியும் வெளியே ஓடுகிற வண்டியும் ஒன்றில்லை. இப்போது வருகிற கார்களில் பாதிக் கோளாறு கம்ப்யூட்டரில். ஸ்கேனர் மாட்டிப் படிக்கத் தெரியாதவர் எத்தனை வருஷம் டீசல் பார்த்திருந்தாலும் என் பட்டறையில் முதல் ஆறு மாதம் திணறுவார். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

செந்தூல்_கவிதா:

பட்டறை அண்ணா, சொந்தத் தொழிலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் எல்லாரிடமும் பட்டறை போட முதல் இருக்காதே. நான் கோலாலம்பூரில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் எச்ஆர். மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒரு டெக்னீஷியன் வேலைக்கு இருநூறு விண்ணப்பம் வரும். முதல் வடிகட்டலில் நாங்கள் பார்ப்பது தகுதி என்ற கட்டத்தைத்தான். அங்கே எஸ்கேஎம் 3, சார்ஜ்மேன் என்று ஏதாவது இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகும். ‘ராணுவ தொழிற்பயிற்சி, வகுப்பு 1’ என்று எழுதியிருந்தால் என் இடத்தில் இருக்கிற இளம் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது. தள்ளிவிடும். அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. அவள் பார்க்கிற தாளில் அந்த மனிதரின் இருபது வருஷம் இல்லை.

மலர் அக்கா, ரெசுமேயில் பதவிப் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டாஃப் சார்ஜண்ட் என்றால் எத்தனை பேர் அவருக்குக் கீழே, எத்தனை வண்டி, எத்தனை ஜெனரேட்டர் அவர் பொறுப்பில், உதிரிபாகக் கணக்கு அவர் பார்த்தாரா, புதிதாக வருகிற பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தாரா, இதையெல்லாம் சாதாரண மொழியில் எழுத வேண்டும். போன வருஷம் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் இருந்த பழைய ஆள் ஒருவரின் ரெசுமேயை நானே உட்கார்ந்து திருத்தினேன். ஒரே பக்கம். ‘பாசுக்கான்’, ‘ஸ்குவாட்ரன்’ மாதிரி ராணுவச் சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கேபிள் இழுத்தது, டவர் ஏறியது, ஷிப்ட் பிரித்தது என்று எழுதினோம். நான்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

இன்னொரு வாய்ப்பும் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் வந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளி, தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். அதற்கான பயிற்சி சில நாள்தான். பட்டாளத்துக்காரருக்குப் பாதுகாப்பு ஒழுங்கு ரத்தத்தில் ஊறியது. எஸ்கேஎம்மோடு இதுவும் இருந்தால் சின்னக் கம்பெனிக்கு ஒரே ஆளில் இரண்டு வேலை நடக்கும்.

மலர்_பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்க அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

சார்ஜண்ட் அண்ணா, ஆதாரம் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. இவர் சேர்ந்த நாளிலிருந்து 555 நோட்டில் எழுதுகிற பழக்கம் உள்ளவர். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் நிற்கிற அந்தச் சின்ன நோட்டு. பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். நேற்று இறக்கி எண்ணினேன், 31 நோட்டு. ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: ‘12/3. ஜென்செட். லோடு கொடுத்தால் அணைகிறது. ஃபில்டர் மாற்றினேன், சரியாகவில்லை. லிஃப்ட் பம்ப் டயஃப்ரம் கிழிசல். மாற்றி 2 மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஓகே.’ கீழே, பக்கத்தில் இருந்து உதவிய பையனின் பெயர். சில பக்கங்களில் எண்ணெய்க் கறை, கட்டைவிரல் ரேகையே தெரிகிறது. இது உதவுமா?

பழைய_சார்ஜண்ட்:

தங்கச்சி, எனக்கு இப்படி ஒரு டின் இருந்திருந்தால்!

நிச்சயம் உதவும். ஆனால் கவனமாகக் கேளுங்கள். நோட்டை அப்படியே ஃபைலில் வைக்கக் கூடாது. வண்டி நம்பர், யூனிட் பெயர், எக்ஸர்சைஸ் நடந்த இடம், தேதியோடு எத்தனை வண்டி ஓடாமல் நின்றது என்பதெல்லாம் வெளியே போகக் கூடாத விஷயம். 1972-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் சும்மா இல்லை. கேம்புக்குள் போனில் படம் எடுக்கவும் வேண்டாம், ஜாப் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வரவும் வேண்டாம். சான்றிதழுக்காகச் செய்கிற காரியத்தால் பென்ஷனுக்கே ஆபத்து வந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது இது. நோட்டு அவருடைய ஞாபகத்துக்கு. நோஸ் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, நோட்டைப் பார்த்து, தான் செய்ததைப் பொதுவாக எழுத வேண்டும். ‘டீசல் எரிபொருள் அமைப்பில் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்தேன், இத்தனை தடவை, இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை.’ எழுதியதைப் பட்டறைப் பொறுப்பு அதிகாரியிடம் கொடுத்து, எதைச் சேர்க்கலாம், எதை எடுக்க வேண்டும் என்று கேட்டு, உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். கடிதத்தில் ‘நல்ல ஊழியர்’ என்று இருந்தால் பயனில்லை. என்ன வேலை, எந்த அளவுக்கு, தனியாகச் செய்தாரா, மேற்பார்வை பார்த்தாரா என்று இருக்க வேண்டும். கேம்பிலேயே எழுதிக் காட்டினால் எந்த அதிகாரியும் முகம் சுளிக்க மாட்டார், என் அனுபவத்தில் பெரும்பாலோர் சந்தோஷப்படுவார்கள். அவர் போஸ்டிங் மாறிப் போவதற்குள் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஃபைல் எழுதுவது மலாயில். அது நம் ஆட்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் 18 வருஷம் மலாயில் ரிப்போர்ட் எழுதியவர்.

நீலச்சட்டை_சுபாங்:

நான் விமானப்படை டெக்னீஷியனாக இருந்தவன், பட்டர்வொர்த் தளத்தில் பல வருஷம். இப்போது சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலை. எங்கள் துறையில் கதை வேறு. சிவில் விமானத்தைப் பறக்க விடுவதற்குக் கையெழுத்துப் போட, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் கொடுக்கிற பார்ட் 66 லைசென்ஸ் வேண்டும். பி1 இயந்திரப் பகுதி, பி2 ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுப் பகுதி. ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் அது மட்டும் போதாது. சிவில் விமானத்தில் கூடுதல் அனுபவமும் மாட்யூல் பரீட்சைகளும் உண்டு. அந்த மாட்யூல்களை சர்வீஸில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எழுதித் தள்ளியவர்கள், வெளியே வந்ததும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் 42 வயதில் இருபது வயதுப் பையன்களோடு உட்கார்ந்து கணிதமும் இயற்பியலும் எழுதினேன். தளத்தில் இருக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கு ராத்திரியே முதல் மாட்யூல் புத்தகத்தைத் திறங்கள்.

மெடிக்_கெப்போங்:

என் நிலைமையையும் எழுதுகிறேன், யாராவது ஏமாறாமல் இருக்கட்டும். 15 வருஷம் ராணுவ மெடிக். காட்டுக்குள் டிரிப் ஏற்றியிருக்கிறேன், எலும்பு முறிந்தவரைத் தூக்கி வந்திருக்கிறேன். வெளியே மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரியாக இருக்க 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தில் பதிவு வேண்டும், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட டிப்ளோமா வேண்டும். என்னிடம் இருந்தது ராணுவ கோர்ஸ். மனித உயிர் சம்பந்தப்பட்டது, அந்தக் கட்டுப்பாடு சரிதான். ஆனால் சேர்ந்த மூன்றாவது வருஷத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால், டிப்ளோமாவுக்கு அனுப்புங்கள் என்று அப்போதே எழுதிக் கேட்டிருப்பேன்.

அந்தக் குழப்பத்தில் ஒரு தனியார் மையத்திடம் பணமும் போனது. பெயர் வேண்டாம். ‘பழைய ராணுவத்தாருக்கு உறுதியாக எஸ்கேஎம், ஒரே மாதத்தில்’ என்றார்கள். 2,800 ரிங்கிட் கட்டினேன். வந்தது அவர்களே அச்சடித்த சான்றிதழ், ஜேபிகே முத்திரை இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஜேபிகேயின் மைஸ்பைக் தளத்தில் அந்த மையம் இருக்கிறதா, அந்தத் தொழிலுக்கு, அந்த நிலைக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன், முதலுதவிப் பயிற்சியும் நடத்துகிறேன். நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

ஜெலுத்தோங்_டீச்சர்:

மெடிக் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து மனது கனத்துவிட்டது.

நான் படிப்புப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். கையால் செய்கிற தொழிலுக்கு எஸ்கேஎம் என்றால், பல்கலைக்கழக வாசலுக்கு ஏபெல். எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி முகமை நடத்துவது. எஸ்டிபிஎம் என்ற மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலேயே, வயதும் வேலை அனுபவமும் இருந்தால் மதிப்பீடு எழுதி ஃபைல் கொடுத்து உள்ளே போகலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது, டிகிரிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளே போனபிறகு ஏபெல் சி மூலம், ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்குக் கிரெடிட் கேட்கவும் வழி இருக்கிறது. பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை பார்ப்பவர்களுக்காகவே நடப்பது. சர்வீஸில் இருந்துகொண்டே பகுதிநேரமாகத் தொடங்கலாம். நான் படித்த யூஎஸ்எம் வளாகமே ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் மிண்டன் பாரக்ஸ். படைவீரர் தூங்கிய கட்டடத்தில் நாங்கள் படித்தோம். அதனால்தானோ என்னவோ, படைவீரர்கள் படிக்க வருவது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அமெரிக்கப் படையில் இதற்கென்று கூல் என்றொரு தளம் 2002-லிருந்தே இருக்கிறது. ஒரு சிப்பாய் தன் ராணுவத் தொழிலைத் தட்டினால், அதற்கு நெருக்கமான வெளி லைசென்ஸ் எது, பரீட்சை எது, ராணுவம் கற்றுக்கொடுத்ததில் எந்தப் பகுதி மிச்சம் என்று காட்டிவிடும். அதோடு ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டத்தில், கடைசி 180 நாள் வரை ராணுவச் சம்பளத்திலேயே வெளிக் கம்பெனியில் போய் வேலை பழகலாம். நம் ஊரில் ஜேபிகேயிடம் நோஸ் பட்டியல் இருக்கிறது, ராணுவத்திடம் தொழில் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளாக, சேர்ந்த முதல் நாளே ஒவ்வொரு சிப்பாய் கையிலும் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பழைய_சார்ஜண்ட்:

டீச்சர் சொன்ன அந்தத் தாள் வருகிற வரைக்கும் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பெர்ஹெபாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. தற்காப்பு அமைச்சின் கீழ், சுங்கை பூலோவில் தலைமையகம். சர்வீஸ் முடிகிறவர்களுக்குப் பணி மாற்றப் பயிற்சி கொடுப்பவர்கள். தொழிற்பயிற்சியும் உண்டு, சொந்த வியாபாரத்துக்கான பயிற்சியும் உண்டு. நல்ல வாய்ப்பு, கண்டிப்பாக எடுக்க வேண்டும். ஆனால் அது வருவது சர்வீஸின் கடைசிக் கட்டத்தில். என் கூட வந்தவர்களில் பாதிப் பேர் ‘எந்த கோர்ஸ் காலி’ என்று பார்த்துச் சேர்ந்தார்கள். மெக்கானிக் போய் பேக்கரி படித்தார். பிடித்துப் படித்தால் அது வேறு, அவருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அதற்கு முன்பே பிபிடியில் எஸ்கேஎம் 3 வாங்கிவிட்டால், அந்தக் கடைசிப் பயிற்சியை அடுத்த படிக்குக் கேட்கலாம், சார்ஜ்மேன் மாதிரி ஒன்றுக்கு.

தம்பி_6வது_வருஷம்:

அண்ணன்மார்களே, நான் சர்வீஸில் 6-வது வருஷம், ரெஞ்சர் ரெஜிமெண்ட், காலாட்படை. எனக்குத் தொழில் எதுவும் இல்லையே, துப்பாக்கிதான். எனக்கு எது பொருந்தும்?

பழைய_சார்ஜண்ட்:

தம்பி, ‘எதுவும் இல்லை’ என்று எழுதாதே. லோரி ஓட்டியிருந்தால் ராணுவ லைசென்ஸை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பொது லைசென்ஸாக மாற்றுவதற்கு வழி இருக்கிறது, அதன்மேல் சரக்கு லோரிக்கு ஜிடிஎல் லைசென்ஸ் எடுக்கலாம். ஸ்டோர் பார்த்திருந்தால் கிடங்கு வேலை. செக்‌ஷனை நடத்தியிருந்தால் மேற்பார்வை. ஆனால் உன்னிடம் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது, காலம். பிளாட்டூனில் தொழில் கோர்ஸுக்குப் பெயர் கேட்கும்போது முதல் கையைத் தூக்கு. இன்றைக்கே ஒரு 555 நோட்டு வாங்கு.

செந்தூல்_கவிதா:

தம்பி, பென்ஷனுக்கு முன்பே வெளியே வந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இரண்டு மடங்கு கவனம். எங்களிடம் வருகிற பழைய ராணுவத்தாரில் அதிகம் தவிப்பவர்கள் பென்ஷன் இல்லாதவர்கள்தான். அவர்களுக்குச் சான்றிதழ்தான் பென்ஷன்.

மலர்_பட்டர்வொர்த்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போன சனிக்கிழமை வந்திருந்தார். சாப்பிட்டதும் தரையில் பாய் விரித்து, 31 நோட்டையும் வருஷ வாரியாக அடுக்கினார். மகள் ஆட்டோமோட்டிவ் நோஸ் பட்டியலை இறக்கிப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். அவள் ஒவ்வொரு வரியாகப் படிக்க, இவர் நோட்டைப் புரட்டி ‘இருக்கு’, ‘இருக்கு’, ‘இது தனியா செய்யல’ என்று சொல்லச் சொல்ல, சின்னவன் டிக் போட்டான். ராத்திரி 12 மணி ஆகிவிட்டது. அவருடைய வேலையைப் பற்றி எங்கள் பிள்ளைகள் இவ்வளவு கேட்டது அன்றைக்குத்தான். நடுவில் ஒரு நோட்டில் என் பேறுகால தேதிக்குப் பக்கத்தில் ‘கிளட்ச் பிளேட், லீவு கேட்கணும்’ என்று எழுதியிருந்தது.

டிக் விழாத இடங்கள், பட்டறை அண்ணன் சொன்ன அதே இடம்தான். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், ஸ்கேனர், ஏர்கோன். அந்தப் பட்டியலைச் சாப்பாட்டு மேஜையில் ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை பட்டறை அதிகாரியிடம் பேசினாராம். எழுதிக் கொண்டு வா, நான் மாறிப் போவதற்குள் பார்த்துவிடலாம் என்றாராம்.

பட்டறை அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அடுத்த மாதம் இவருக்குப் பத்து நாள் லீவு. சம்பளம் வேண்டாம். சர்வீஸில் இருக்கும்போது வெளியே வேலை பார்ப்பதற்கு அனுமதி வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கற்றுக்கொள்ள மட்டும், அதையும் கேம்பில் சொல்லிவிட்டு. ஸ்கேனர் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்கிறார்.

பட்டறை_அண்ணன்:

தாராளமாக வரச் சொல்லுங்கள் தங்கச்சி. காலை எட்டரைக்குக் கதவு திறப்பேன். பக்கத்தில் நின்று பார்க்கிறதெல்லாம் வேண்டாம், ஸ்கேனரை அவர் கையிலேயே கொடுக்கிறேன். பழைய சட்டை போட்டு வரட்டும். அந்த 555 நோட்டில் புதுசு ஒன்றும் கொண்டு வரச் சொல்லுங்கள், என் பையனுக்கும் காட்ட வேண்டும்.